பழைய ஊரை இடித்த பிறகு

இன்டர்நெட் விளையாட்டு உலகங்களுக்கும் வயதாகிறது. புதுப்பித்தால் பழைய ஆட்கள் கொதிக்கிறார்கள். அப்படியே விட்டால் புதியவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

2010 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாடுகிறவர்கள் வழக்கம்போல கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். ஆறு வருடங்களாக அவர்கள் சுற்றித் திரிந்த நாடு அங்கே இல்லை. பாரன்ஸ் என்ற பரந்த புல்வெளி இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளவில் எரிமலைக் குழம்பு. தௌசண்ட் நீடில்ஸ் என்ற வறண்ட பள்ளத்தாக்கில் கடல் புகுந்து, நடந்து போன இடத்தில் படகு ஓடியது. ஆபர்டைன் என்ற துறைமுகக் கிராமம் தரைமட்டம். ஸ்டார்ம்விண்ட் தலைநகரின் பூங்காப் பகுதியைக் காணவே காணோம்.

கதைப்படி பழி டெத்விங் என்ற டிராகன் மீது. நிஜத்தில் கடப்பாரையைத் தூக்கியது கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் இருக்கும் பிளிஸ்ஸார்ட் நிறுவனம். 2004 நவம்பர் 23 அன்று அதே நிறுவனம்தான் அந்த உலகத்தைத் திறந்துவைத்தது. சரியாக ஆறாம் ஆண்டு நிறைவு நாளில் இடிப்பு.

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, அரக்கர்களை வீழ்த்தி, கொடுத்த பணிகளை முடித்து, ஒவ்வொரு லெவலாக மேலே ஏறும் விளையாட்டு இது. மாதச் சந்தா 15 டாலர். 2010 அக்டோபரில் உலகம் முழுவதும் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். இப்படி ஓகோவென்று நடக்கும் கடையை யாராவது இடிப்பார்களா?

இடிக்க வேண்டிய அவசியம் இருந்தது. 2004ல் உச்சிப் படி 60வது லெவல். 2007 ஜனவரியில் அது 70 ஆனது. 2008 நவம்பரில் 80. ஒவ்வொரு முறையும் புதிய நிலப்பரப்பு, புதிய எதிரிகள், புதிய ஆயுதங்கள். எல்லாமே கடைசிப் படிக்கு மேலே கட்டப்பட்டவை. கூட்டமும் மேலே போய்விட்டது. புதிதாகச் சேருகிறவர் முதல் படியில் கால் வைக்கும்போது அங்கே ஆளே இல்லை. ஐந்து பேர் சேர்ந்து இறங்க வேண்டிய பாதாளக் கோட்டைக்குத் துணைக்கு ஆள் தேடி மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முன்பு எல்லோரும் வியந்த பணிகள் இப்போது "பத்துப் பன்றியைக் கொன்று வா" என்கிற ரகமாகத் தெரிந்தன. வீடு மாடிக்கு மேல் மாடியாக வளர்ந்தது. வாசற்படி மட்டும் உளுத்துக்கொண்டிருந்தது.

பழைய நிலத்தில் இன்னொரு சிக்கல். 2007ல் சேர்த்த புதிய உலகத்தில் இறக்கை உள்ள வாகனங்களில் பறக்க முடிந்தது. பழைய இரு கண்டங்களில் அது கிடையாது. அவை தரையில் நடப்பவர் கண்ணுக்காகக் கட்டப்பட்டவை. சினிமா செட் மாதிரி, முன்பக்கம் மாளிகை, பின்பக்கம் மொட்டைச் சுவர். மேலிருந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பறக்க விட வேண்டுமானால் நிலத்தையே திருத்தியாக வேண்டும்.

ஆகவே 'கேட்டக்ளிசம்'. பேரழிவு என்று அர்த்தம். 2010 டிசம்பர் 7ல் விற்பனைக்கு வந்த முதல் 24 மணி நேரத்தில் 33 லட்சம் பிரதிகள் போயின. கம்ப்யூட்டர் விளையாட்டு விற்பனையில் அது அன்றைய சாதனை. முதல் படியிலிருந்து 60 வரை நூற்றுக்கணக்கான பணிகள் புதிதாக எழுதப்பட்டன. வழி தெளிவானது, அலைச்சல் குறைந்தது, பழைய கண்டங்களின் மேலே பறக்கவும் முடிந்தது.

நியாயமாகப் பார்த்தால் இது வெற்றிக் கதை. ஆனால் 2011 செப்டம்பர் முடிவில் சந்தாதாரர்கள் 1 கோடியே 3 லட்சம். ஒரு வருடத்துக்குள் 17 லட்சம் பேர் கழன்றுகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் இந்த இடிப்புதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கு ஒன்று உண்டு. முந்தைய இரண்டு விரிவாக்கங்களிலும் பத்துப் பத்து லெவல்கள் கூடின. இதில் ஐந்துதான். அடித்தளத்தைச் சீர்செய்யப் போன உழைப்பு மாடிக்குக் கிடைக்கவில்லை. சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இருந்ததோ மாடியில்.

அதைவிட வேடிக்கை கதையின் காலக் குழப்பம். பழைய கண்டங்கள் 2010க்கு மாறிவிட்டன; ஆனால் 2007, 2008ல் சேர்த்த பகுதிகளை யாரும் தொடவில்லை. புதிதாக ஆடுகிறவர் டெத்விங் பிளந்த நாட்டில் 60 வரை வளர்வார். பிறகு அந்தப் பிளவுக்கு முந்தைய சம்பவங்கள் நடக்கும் நாட்டுக்குப் போவார். 80 ஆனதும் மறுபடி டெத்விங் காலம். முதல் ரீலும் கடைசி ரீலும் புதுசு, நடு ரீல் பழசு என்று ஓட்டிய படம் மாதிரி.

புதியதும் பழசாகும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2010ல் எழுதிய பணிகளில் ஹோர்ட் அணியின் தலைவன் காரோஷ். 2013 செப்டம்பரில் அதே விளையாட்டின் கதையில் அவன் கொடுங்கோலனாகி, முற்றுகையில் பிடிபட்டு, பதவி இழந்தான். கீழ்ப்படிகளில் மட்டும் அவன் ஆட்சி தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. 2020 அக்டோபரில் நிறுவனம் வேறு வழி பார்த்தது. 120 வரை ஏறிவிட்ட படிகளைப் பாதியாகச் சுருக்கி, தொடக்கக்காரர்களுக்கு 'எக்ஸைல்ஸ் ரீச்' என்ற புதிய தீவு ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. பழைய ஊரை மறுபடி செப்பனிடாமல் பக்கத்தில் பைபாஸ் போட்டுவிட்டார்கள்.

காணாமல் போனதற்கு மதிப்பு உண்டு என்பதை நிறுவனத்துக்குக் காட்டியவர்கள் ரசிகர்கள்தான். பிரான்ஸைச் சேர்ந்த தன்னார்வலர்கள் சிலர் 2015ல் 'நாஸ்டால்ரியஸ்' என்ற பெயரில் ஒரு சர்வரை நடத்தத் தொடங்கினார்கள். இடிப்புக்கு முந்தைய பழைய உலகம், இலவசமாக. சட்டப்படி இது திருட்டு. ஆனால் பதிவு செய்தவர்கள் 8 லட்சம் பேர் என்று நடத்தியவர்கள் கணக்குச் சொன்னார்கள். பிளிஸ்ஸார்டின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 2016 ஏப்ரல் 10 அன்று சர்வர் மூடப்பட்டது. கடைசி இரவில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி ஊர்வலமாக நடந்து விடைபெற்றார்கள். பழைய உலகத்தை முறைப்படி திறக்கக் கோரிய மனுவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். திருட்டு சர்வர் நடத்தியவர்களையே நிறுவனம் அழைத்துப் பேசியது.

2017 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2019 ஆகஸ்ட் கடைசி வாரம் 'வார்கிராஃப்ட் கிளாசிக்' திறந்தபோது உள்ளே போக மணிக்கணக்கில் வரிசை. 2006ம் வருடத்து விவரங்களை எடுத்து, இன்றைய சர்வர்களில் ஓடும் புதிய புரோகிராமுக்குள் பொருத்தியிருந்தார்கள். தோற்றமும் கணக்குகளும் பழசு, எஞ்சின் புதுசு.

ஆனால் பழைய அனுபவம் திரும்பியதா? அங்கேதான் பாடம். முதல் தடவை 'மோல்ட்டன் கோர்' என்ற கோட்டையின் தலைவன் ராக்னரோஸை வீழ்த்த உலகின் மிகத் திறமையான அணிக்கே 2005 ஏப்ரல் வரை, அதாவது ஐந்து மாதம், ஆனது. 2019ல் திறந்த ஒரே வாரத்துக்குள் அவன் வீழ்ந்தான். அரக்கன் அதே அரக்கன்தான். எதிரில் நின்றவர்கள் மாறிவிட்டார்கள். பதினைந்து வருடமாக அவனுடைய ஒவ்வொரு அசைவையும் மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். இடத்தைத் திரும்பக் கட்டலாம். வழி தெரியாமல் தடுமாறிய நாட்களைக் கட்ட முடியாது.

இருந்தும் கிளாசிக் நிலைத்துவிட்டது. 2006ல் திறந்து மிகச் சிலரே உள்ளே பார்த்த 'நாக்ஸ்ராமஸ்' என்ற கோட்டையை 2008ல் பிடுங்கி வேறு கண்டத்தில், வேறு லெவலுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். மூல வடிவம் அதோடு போயிற்று. 2020 டிசம்பரில் கிளாசிக் உலகத்தில் அது மறுபடி திறந்தபோது, அன்று வெளியே நின்று ஏக்கத்தோடு பார்த்தவர்கள் உள்ளே போனார்கள். அதற்கும் மேல் ஒரு விசித்திரம்: 2024 மே மாதம் கிளாசிக் உலகத்திலும் 'கேட்டக்ளிசம்' வந்தது. ஒரு காலத்தில் யாரைத் திட்டித் தீர்த்தார்களோ, அந்த டெத்விங்கே இப்போது பழைய நினைவுகளின் பட்டியலில். அதே வருடம் நவம்பரில், மறுபடி முதல் நாளிலிருந்து ஆட விரும்புகிறவர்களுக்காகப் புதிய கிளாசிக் சர்வர்களும் திறந்தன.

ஓட்டுப் போட்டு மாற்றம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து 2001 முதல் நடக்கும் 'ரூன்ஸ்கேப்' வேறு மாதிரிச் சூடுபட்டது. 2012 நவம்பரில் அதை நடத்தும் ஜாஜெக்ஸ் நிறுவனம் சண்டை முறையை அடியோடு மாற்றியது. அதுவரை எதிரியைச் சொடுக்கிவிட்டுக் காத்திருந்தால் போதும். இனி வரிசையாகப் பொத்தான்களை அழுத்த வேண்டும். நவீனமாக்கும் முயற்சிதான். ஆனால் பழைய ஆட்களுக்கு அது வேறு விளையாட்டாகத் தெரிந்தது. வெளியேறத் தொடங்கினார்கள்.

நிறுவனத்துக்கு அதிர்ஷ்டம்: 2007 ஆகஸ்ட் மாதத்து முழுப் பிரதி ஒன்று பத்திரமாக இருந்தது. 2013 பிப்ரவரியில் அதைத் திறக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். 4 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. அதே மாதம் 22ம் தேதி 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' திறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது பழசைத் திறந்ததல்ல, அதன் பிறகு செய்தது. 2007ஐ அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. புதிய நிலம், புதிய பணி, புதிய எதிரி எல்லாம் சேர்க்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஆடுகிறவர்களின் வாக்கெடுப்புக்குப் போகும். நீண்ட காலம் நூற்றுக்கு 75 பேர் சம்மதித்தால்தான் நடக்கும் என்று விதி. பிறகு அது 70 ஆனது. பல யோசனைகள் தோற்றிருக்கின்றன. பழமைவாதிகள் கையில் வீட்டோ கொடுத்துவிட்டார்கள் என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் இன்று 'பழைய' ரூன்ஸ்கேப்பில் இருக்கும் கூட்டம், நவீனமாக்கப்பட்ட ரூன்ஸ்கேப்பில் இல்லை. மாற்றம் அவர்களுக்குப் பிடிக்காமல் இல்லை. கேட்காமல் செய்த மாற்றம்தான் பிடிக்கவில்லை.

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் அனுபவம் இதற்கு நேர் எதிர். 2010 செப்டம்பரில் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 14' படுதோல்வி. தலைவரே மன்னிப்புக் கேட்டார்; மாதச் சந்தா வாங்குவதை நிறுத்தி வைத்தார்கள். அந்த டிசம்பரில் பொறுப்பேற்ற நவோகி யோஷிதா ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்தார்: ஓடிக்கொண்டிருப்பதை ஒட்டுப் போட்டுக்கொண்டே, பின்னால் முழுவதையும் புதிதாகக் கட்டினார். விளையாட்டின் வானத்தில் ஒரு சிவப்பு நிலா மாதா மாதம் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பர் 11 அன்று சர்வர்கள் மூடப்பட்டபோது அந்த நிலா விழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு டிராகன் வெளிப்பட்டு நாட்டை எரித்தது. 2013 ஆகஸ்டில் 'எ ரெல்ம் ரீபார்ன்' என்ற பெயரில் மறுபிறவி. பழைய ஆட்களின் வேஷங்கள் அப்படியே தொடர்ந்தன. ஐந்து வருடங்களுக்கு முன் நடந்த பேரழிவிலிருந்து தப்பியவர்கள் என்று கதையிலேயே அவர்களுக்கு இடம் கிடைத்தது.

இடிப்பு என்ற வகையில் டெத்விங் செய்ததும் இதுவும் ஒன்றுதான். வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே ஆடுகிறவர்கள் கண்ணெதிரே அது நடந்தது, அவர்களும் சாட்சிகள். அதற்குப் பிறகும் பழையதைக் கவனிக்க யோஷிதா குழு மறக்கவில்லை. முதல் பகுதியின் பணிகள் இழுக்கின்றன என்ற புகார் வலுத்ததும், 2020 ஆகஸ்டில் தேவையற்ற பணிகளை வெட்டிச் சுருக்கினார்கள். 2022ல் தொடக்கக் காலக் கோட்டைகள் சிலவற்றைத் திருத்தி, துணைக்கு ஆள் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் பாத்திரங்களோடே இறங்கலாம் என்று வழி செய்தார்கள். உச்சத்தில் இருப்பவர்கள் தினமும் பழைய கோட்டை ஒன்றில் இறங்கினால் பரிசு. இறங்கும்போது அவர்களுடைய பலம் அந்தக் கோட்டையின் அளவுக்குத் தானாகக் குறைந்துவிடும். புதியவருக்குத் துணை, பழையவருக்குக் கூலி. 2016 அக்டோபரில் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' இன்னும் ஒரு படி மேலே போனது. எந்த லெவலில் இருப்பவரும் எந்த ஊருக்கும் போகலாம் என்று மாற்றிவிட்டது. எந்த ஊரும் பழைய ஊர் இல்லை.

காசு கொடுத்தது எங்கே?

இதுவரை சொன்னதெல்லாம் ரசனைத் தகராறு. விவகாரம் கோர்ட் ஏறியது 'டெஸ்டினி 2' விஷயத்தில். துப்பாக்கிச் சண்டையும் லெவல் ஏற்றமும் கலந்த இந்த விளையாட்டு 2017 செப்டம்பரில் வந்தது. நடத்துவது அமெரிக்காவின் பங்கி நிறுவனம். 2020 நவம்பர் 10 அன்று செவ்வாய், புதன் கிரகங்கள், ஐயோ, டைட்டன் ஆகிய துணைக் கோள்கள் என்று இடங்களை வரிசையாக விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதல் கதையும் அவற்றோடு போயிற்று. 'பெட்டகத்தில் வைக்கிறோம்' என்று அதற்குப் பெயர். நிறுவனம் சொன்ன காரணங்கள் நம்ப முடியாதவையல்ல. விளையாட்டு ஊதிப் பெருத்து கம்ப்யூட்டரில் இடத்தை அடைத்தது. புதிதாக எதைச் சேர்த்தாலும் பழைய ஒவ்வொரு மூலையிலும் சோதிக்க வேண்டியிருந்தது. யாரும் போகாத இடங்களுக்காகப் பிழை திருத்தும் வேலை தாமதமானது.

ஆனால் அந்த இடங்கள் காசு கொடுத்து வாங்கப்பட்டவை. 2018ல் தனியாக விற்ற 'ஃபோர்சேக்கன்' கதையையும் 2022 பிப்ரவரியில் எடுத்தபோது எரிச்சல் அதிகமானது. அந்த ஆகஸ்டில், இனி விரிவாக்கக் கதைகளை எடுக்க மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது.

அதற்குள் நடந்தது நடந்துவிட்டது. டெஸ்டினியின் கதை தன் எழுத்திலிருந்து எடுத்தது என்று எழுத்தாளர் ஒருவர் 2024ல் லூசியானா மாநிலத்தில் வழக்குப் போட்டார். இல்லை என்று காட்ட நிறுவனம் தன் சொந்த விளையாட்டைத் திறந்து காண்பிக்க வேண்டும். முடியவில்லை. எடுத்துவிட்ட பகுதி இன்றைய புரோகிராமில் ஓடாது. ரசிகர்கள் யூ டியூபில் போட்ட வீடியோக்களையும் அவர்கள் எழுதித் தொகுத்த குறிப்புகளையும் கொடுத்தார்கள். அவற்றை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மறுத்து, வழக்கைத் தள்ளுபடி செய்ய 2025 மே மாதம் கோர்ட் மறுத்துவிட்டது. தான் கட்டிய ஊருக்குச் சாட்சி சொல்ல அதைக் கட்டியவரிடமே ஒரு செங்கல் இல்லை.

சட்டமும் மெல்ல விழித்துக்கொள்கிறது. டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று விற்கிறவர், அது வெறும் அனுமதிதான், சொத்து அல்ல என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிற சட்டம் 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் அமலில் இருக்கிறது. ஐரோப்பாவில், விற்ற விளையாட்டை ஆட முடியாதபடி நிறுவனங்கள் முடக்கிவிடக் கூடாது என்று கோரும் மனுவில் கையெழுத்துகள் 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டின.

நிறுவனங்களின் தரப்பையும் தள்ளிவிட முடியாது. எதையுமே மாற்றாதே என்பது ஒரு விளையாட்டைச் சாகவிடும் வழி. புதிய ஆள் வராத ஊர் தேயும். தேய்ந்தால் சந்தா குறையும். குறைந்தால் சர்வரே மூடும். அப்போது பழசும் இல்லை, புதுசும் இல்லை. ரசிகர் கேட்பதையெல்லாம் செய்ய ஆளும் நேரமும் கிடையாது. பழைய தெருவைச் செப்பனிடும் ஒவ்வொரு மாதமும் புதிய தெரு போடாத மாதம்தான்.

ஆனால் இருபது வருட அனுபவத்தில் சில விஷயங்கள் தெளிவாகிவிட்டன. வாசற்படியைச் சீர்செய்ய முழு வீட்டையும் இடிக்கத் தேவையில்லை. மாற்றுமுன் அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் கோபம் பாதியாகக் குறைகிறது. விற்கும்போதே எது நிலைக்கும், எது போகும் என்று சொல்லிவிட்டால் ஏமாற்றப் புகார் எழாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடிக்கும் முன் ஒரு முழுப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஜாஜெக்ஸைக் காப்பாற்றியது 2007 ஆகஸ்டில் யாரோ எடுத்து வைத்த பிரதி. பங்கியைக் கோர்ட்டில் தலைகுனிய வைத்தது, எடுத்ததைத் திரும்ப ஓட்ட முடியாத நிலை.

இந்த ஊர்களில் செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். இறந்துபோன நண்பருக்கு அங்கேயே கூடி அஞ்சலி செலுத்தியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பூங்கா வெறும் படம் அல்ல. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் 'பழைய சரக்கு' என்று எழுதப்படுவது, இன்னொருவருக்கு வாலிபத்தில் நண்பர்களோடு கழித்த மாலைப் பொழுதுகளின் முகவரி. அதை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. மாற்றுகிற கைக்குக் கொஞ்சம் கூச்சமும் இருந்தால் நல்லது.